நல்லா இருக்கேன்மா

786

திருவண்ணாமலை,
நவம்பர் 1981

என் கண்ணான மகள் சுல்தானாவுக்கு உன் அம்மா முன்னி பேகம் எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உன் மாமனார் மாமியாருக்கும் எங்கள் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம். பீபி ஜான் சித்திக்குத்தான் முழங்கால் வலி ஜாஸ்தியாகிவிட்டது. மழை இன்னும் விடவில்லை.

கவரைப் பிரித்ததும் திகைத்திருப்பாய். இதுவரை உனக்கு உருதுவில்தான் எழுதியிருக்கிறேன். இது தமிழ். யாரையும் கேட்காமல் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். பம்பாயில் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தமிழ் படிக்க வராது என்று முன்பு நீ சொன்னாயே. அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று யாராவது கேட்டால், எலுமிச்சை ஊறுகாய் போடும் பக்குவம் என்று சொல்லிவிடு.

உன் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆனதும் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன் இல்லையா? அந்தப் புத்தகங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. இப்போது திரௌபதி டீச்சர் ஞாயிறு சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கவிதை படிக்கச் சொல்லித் தருகிறார். பழைய பாட்டு இல்லை, இந்தக் காலத்து ஆட்கள் எழுதுவது. முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. மளிகைக் கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி இருக்கிறதே, இதற்கா கவிதை என்று பேர் என்று கேட்டேன். டீச்சர் கோபிக்கவில்லை. யார் பேசுறாங்கன்னு மட்டும் காது கொடுத்துக் கேளுங்கம்மா என்றார்.

கேட்கக் கேட்க மனசு என்னவோ ஆகிவிட்டது, கண்ணு. ஒருத்தன் பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன். தன் பிள்ளையின் தூங்கும் முகம் மட்டும்தான் தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறான். ஒருத்தன் சேரிக்காரன், டீக்கடையில் தனக்கென்று தனியாக வைத்திருக்கும் கிளாஸைப் பற்றி எழுதியிருக்கிறான். இலங்கையில் தேயிலை பறிக்கிற ஒரு பெண்ணுக்கு, பிறந்த மண் எது என்று சொல்லத் தெரியவில்லை. இவர்களை நான் எங்கே பார்த்தேன்? ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

எங்கள் வகுப்பில் தபால் ஆபீஸ் பலராமன் என்று ஒருவர் இருக்கிறார். எதுகை மோனை இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கடலை மில்லில் வேலை செய்யும் பொன்னி இருக்கிறாள், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். போன மாதம் டீச்சர், இனிமேல் நீங்களே எழுதுங்க, வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே எழுதுங்க என்றார். எங்க வீட்டுப் பேச்சு உருது, தமிழ் பேசினாலும் ஜாஸ்தி, கம்மினுதான் வரும் என்றேன். அதெல்லாம் கவிதையில வரக்கூடாதும்மா என்றார் பலராமன். சந்தையில நீங்க எப்படிங்க பேசுவீங்க என்று பொன்னி அவரைக் கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான்.

என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மருந்துக் கடைக்கு உன் டிரங்க் கால் வந்தது. மாவுக் கையோடு ஓடினேன். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன், நல்லா இருக்கேன்மா என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், அதற்கும் நல்லா இருக்கேன்மா என்றாய். பின்னால் யாரோ பேசுவது கேட்டது. லைன் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்தேன், ரொட்டி சுட்டேன். ஆனால் உன் குரல் காதை விட்டுப் போகவில்லை. அதைத்தான் எழுதினேன். நீயும் படி.

தூரத்து ஊரிலிருந்து என் மகள் பேசினாள்.
நல்லா இருக்கேன்மா என்றாள்.
இந்த வீட்டில் அவள் நல்லா இருந்தபோது
ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.
உப்பு கம்மி என்பாள்,
சத்தம் ஜாஸ்தி என்பாள்,
என்னோடு சண்டை பிடிப்பாள்.

வகுப்பில் இதைப் படித்து முடித்தேன். எதுகை எங்கே என்று பலராமன் கேட்பார் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பொண்ணு எந்த ஊருலம்மா இருக்குது என்று மட்டும் கேட்டார். பொன்னி என் கையைப் பிடித்துக்கொண்டு, போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கக்கா என்றாள்.

மழை என்பதால் என்னைக் கூட்டிப்போகக் குடையோடு உன் அப்பா வந்து ஜன்னலோரம் நின்றிருந்தார். எனக்குத் தெரியாது. நான் வகுப்புக்குப் போவதைப் பற்றி அவர் நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து குடையை மடித்து வைத்தார். அதை இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வளையல் கடையைத் திறக்கவில்லை. காட்பாடி போய் பம்பாய்க்கு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். தீபத்துக்கு ஊரே திரண்டு வரும் சமயத்தில் கடையைப் பூட்டுகிறாயே, பைத்தியமா என்று குலாம் ரசூல் மாமா வந்து சத்தம் போட்டார். தீபம் வருஷா வருஷம் வரும்டா என்று சொல்லி அனுப்பிவிட்டார் உன் அப்பா.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். பீபி ஜான் சித்திக்கு உடம்பு சரியில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று அங்கே சொல்லுவார். முழங்கால் வலியும் உடம்பு சரியில்லாததுதானே, பொய் இல்லை. உன் மாமியாருக்குக் கடலை உருண்டை கொடுத்தனுப்புகிறேன். மரியாதையாக வந்து, மரியாதையாகப் பேசுவார். நீ பயப்படாதே.

திரும்பி வர அவர் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. ஒன்றா, இரண்டா என்று நீ சொன்னால் போதும். ஏன் என்று அவர் கேட்கமாட்டார், நானும் கேட்கமாட்டேன். நீ நிஜமாகவே நன்றாக இருந்தால், அதை அவர் கண்ணால் பார்த்து வந்து சொல்லட்டும், அதுவும் எனக்குப் பெருநாள்தான்.

ஐந்து வேளையும் உனக்காகத்தான் கை ஏந்துகிறேன். அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். உன் கட்டிலில் போட்டிருந்த அரிசி மூட்டையை எடுத்துவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
முன்னி பேகம்