கோயில் வழக்கும் மூணு ஜெராக்ஸும்

என் செல்விக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகுது. உயிரோட இருந்தப்ப உனக்கு ஒரு வரி எழுதாதவ, இப்ப பக்கம் பக்கமா எழுத உக்காந்திருக்கேன். நீ இருந்தா, "போடி, போய் வேலையைப் பாரு"ன்னு சொல்லியிருப்ப.

முதல்ல ஒரு சேதி. நம்ம கோயில் வழக்கு இருக்கே, அந்த எல்லையில மறுபடியும் குண்டு விழுந்திருக்கு. பேப்பர்ல படிச்சதும் போனை எடுத்து உன் பேரைத் தேடினேன். தேடினதுக்கு அப்புறம்தான் உறைச்சது.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்லிடறேன், உனக்கு இல்ல. கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவுல ஒரு மலை. உச்சியில பிரியா விகார்னு பழைய சிவன் கோயில். மழைத்தண்ணி ரெண்டு பக்கமா பிரியற கோடுதான் எல்லைன்னு ஒப்பந்தம். அந்தக் கணக்குல கோயில் எங்களுதுன்னு தாய்லாந்து சொன்னுச்சு. ஆனா அப்ப கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள் போட்ட மேப்ல கோயில் கம்போடியா பக்கம் இருந்துச்சு. வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போய், கோயில் கம்போடியாவுக்குன்னு தீர்ப்பாச்சு.

சட்டக் கல்லூரியில நமக்கு இந்த வழக்கை வச்சுத்தான் மூட் கோர்ட் போட்டி, மாணவர்கள் வக்கீலா நின்னு வாதாடுற போட்டி. நான் பேசறவ, நீ படிச்சு எழுதறவ. பேனா எடுத்தா உனக்கு இங்கிலீஷ் அருவியா கொட்டும், நாலு பேர் முன்னாடி எந்திரிச்சா நாக்கு ஒட்டிக்கும். சனிக்கிழமை ஆனா வையம்பட்டியிலிருந்து பஸ் பிடிச்சு ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக்கு வந்துடுவ. மொட்டை மாடியில அம்மா வத்தல் காயப்போட்டிருப்பாங்க, அதுக்குப் பக்கத்துல தீர்ப்பைப் பரப்பி வச்சுக்கிட்டு உக்காருவ.

அங்கதான் கண்டுபிடிச்ச. எல்லாக் குழுவும் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு அடிச்சுக்கிட்டிருந்தப்ப, நீ வேற இடத்துல விரலை வச்ச. "தேனு, இங்க பாருடி. மேப் தப்புன்னு தாய்லாந்துக்காரங்க ஒரு வார்த்தை சொல்லல. அனுப்பி வச்சதுக்கு தேங்க்ஸ் சொல்லி, கூட பதினஞ்சு காப்பி வேற கேட்டிருக்காங்க!" வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்ச. பல வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தவங்க இப்ப வந்து ஆட்சேபம் சொல்ல முடியாது, அதுதான் நம்ம வாதம்னு அன்னைக்கே எழுதி முடிச்ச.

இறுதிச் சுற்றுல ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தர் உக்காந்திருந்தார். நான் பேசி முடிச்சதும் கண்ணாடியைக் கழட்டிட்டு, "இந்த மேப் வாதம் நீங்க கண்டுபிடிச்சதாம்மா?"ன்னு கேட்டார். நீ எனக்குப் பின்னாடி ரெண்டாவது நாற்காலியில இருந்த. திரும்பிக் கை காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"நன்றிங்கய்யா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த வருஷம் டெல்லியில மேல்படிப்புக்கு நம்ம கல்லூரியிலிருந்து ஒருத்தரைத்தான் சிபாரிசு பண்ணுவாங்க. நீதான் போவன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா சிபாரிசுக் கடிதம் என் பேருக்கு வந்துச்சு, மேப் வாதத்தைக் கண்டுபிடிச்ச மாணவின்னு. அப்பவும் வாயைத் திறக்கல. நீ எதுவும் கேக்கல. கேக்காததால உனக்கு வருத்தமில்லைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

அதோட விட்டேனா? பாலக்கரைப் பக்கம் போறேன்னு நீ கிளம்பினப்ப, அந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுத்து ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னேன். என்ன நெஞ்சழுத்தம் பாரு எனக்கு! போய் எடுத்துட்டு வந்த. கவருக்குள்ள ஒழுங்கா வச்சு நீட்டி, "மூணா எடுத்துட்டேன் அக்கா, எதுக்கும் இருக்கட்டும்"ன்ன.

அக்கா. மூணு வருஷம் வாடி போடின்னு பேசினவ. என்னைவிட நீ நாலு மாசம் பெரியவ வேற. அதுக்கப்புறம் ஒரு நாளும் நீ என்னை "தேனு"ன்னு கூப்பிடல.

நான் டெல்லி போனேன். திரும்பி வந்து திருச்சியிலேயே சட்டக் கல்லூரி வாத்தியாரானேன். நீ ஊர்ப் பக்கத்துக் கோர்ட்டுல வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் பார்த்துக்கிட்டிருந்த. ஒரு மணி நேர பஸ்தான், இத்தனை வருஷத்துல ஏற மனசு வரல. உடம்புக்கு முடியலைன்னு நீ சொல்லல. உன்கிட்ட எதுவும் விசாரிக்காதவகிட்ட நீ ஏன் சொல்லணும்?

சேதி தெரிஞ்சு, உன் அஸ்தியைக் கரைக்கிற அன்னைக்குக் காவிரிக்கரை அம்மாமண்டபத்துக்குப் போனப்பதான் உன் வீட்டுக்காரரை முதல்முதலா பார்த்தேன். ஈர வேட்டியோட படியேறி வந்து என்கிட்ட கேட்டார், "அந்தக் கோயில் கேஸ்ல மேப் பாயின்ட் பிடிச்சது நீங்கதானே? செல்வி எங்க மகள்கிட்ட அடிக்கடி சொல்லும்ங்க. என் ஃபிரண்டு கண்டுபிடிச்சதுன்னு பெருமையா சொல்லும்." பக்கத்துல உன் மகள் நின்னுக்கிட்டிருந்தா. வாயைத் திறந்து "இல்லைங்க"ன்னு ஒரு வார்த்தை வரல எனக்கு. உன்னைக் கரைச்ச தண்ணிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, தலையை ஆட்டினேன் செல்வி.

ஏன் அப்படிச் சொன்ன? என்னை மன்னிச்சுட்டியா, இல்ல நான் எடுத்ததை நீயா கொடுத்ததா மாத்திக்கிட்டியா? அப்படி மாத்திக்கிட்டாத்தான் உன்னால சும்மா இருக்க முடிஞ்சுதா?

மூட் கோர்ட்டுல எதிர்த் தரப்புக்கும் நாமதானே எழுதணும். அந்தப் பக்கத்துக்கு நீ எழுதின வரியை வருஷா வருஷம் வகுப்புல என் வரி மாதிரி சொல்றேன்: பேச வேண்டிய கடமையும் பேச வசதியும் இருந்தவங்க சும்மா இருந்தாத்தான் அது ஒப்புதல். அந்த மேடையில பேச வேண்டியவ நான், மைக் இருந்ததும் என் கையில. உனக்கு நாக்கு ஒட்டிக்கும்னு தெரிஞ்சவளும் நான்தான். நீ கேக்காம இருந்ததை உனக்கு எதிரா எண்ண எந்தக் கோர்ட்டாலயும் முடியாது.

உன்னோடதை நான் எடுத்தது நாலு பேர் முன்னாடி. அதனால இந்தக் கடிதமும் நாலு பேர் படிக்கிற இடத்துல வருது.

நீ எடுத்துட்டு வந்த மூணாவது ஜெராக்ஸ் இன்னும் என் பீரோவுல இருக்கு, உன் கவரோட. வர்ற ஞாயித்துக்கிழமை அதை எடுத்துக்கிட்டு வையம்பட்டி பஸ் ஏறுறேன். உன் மகளை எதிர்ல உக்கார வச்சு, பின்பக்கத்துல "இது உங்க அம்மா கண்டுபிடிச்சது"ன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுக்கறேன். அவ அந்தக் காகிதத்தை என் முகத்துல விட்டெறிஞ்சாலும் வாங்கிக்கறேன். இந்தத் தடவை தலையை ஆட்டிட்டுத் திரும்பி வர மாட்டேன்.

அக்கா இல்லடி,
உன் தேனு