மாலை கழற்றிய மறுநாள்

வாய் ஓயாத என் தம்பி பாபுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர்ப் பசங்கள் பேனர் அடிக்கிறார்களாம். உன் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். உட்கார்ந்து பார்த்தேன். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? பேனருக்கு நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இதை உனக்கு எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் படிக்கச் சொன்னால் படிப்பேன். எல்லாரும் கேட்கட்டும், எனக்கு ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நைனா நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசைதான். வயலுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார். நவரை நெல் கதிர் வாங்கிவிட்டது. போன வாரம் ஆரணிக்கு மருந்து வாங்கப் போனவர் உனக்கும் சேர்த்து வேர்க்கடலை வாங்கி வந்துவிட்டார். பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

நான் அதே கம்பெனியில், அதே பேக்கிங்கில் நிற்கிறேன். காலையில் பஸ் ஏறியதும் தூங்கிவிடுகிறேன். சிப்காட் வாசலில் யாராவது தோளைத் தட்டினால்தான் முழிப்பு வருகிறது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை படுத்தால் திங்கட்கிழமைக்குத் தெம்பு வந்துவிடும். இப்போது எவ்வளவு படுத்தாலும் அலுப்பு போவதில்லை. டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ இல்லாததற்கு அவர் என்ன எழுதுவார், பாவம்?

நீ பாட்டுக்குப் பேசிவிட்டுப் போய்விட்டாய். கேட்டவர்கள் எல்லாம் இங்கேயேதான் இருக்கிறார்கள், பாபு. இன்டர்வியூ என்றால் வருகிறார்கள், அரியர் என்றால் வருகிறார்கள், வீட்டில் சண்டை என்றாலும் நம் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். "அண்ணன் இருந்தா இன்னா சொல்லுவாருக்கா?" என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நீ மைக் பிடித்தால் விடமாட்டாய், நான் பாதியிலேயே எழுந்து வந்துவிடுவேன். உன் பேச்சை முழுதாகக் கேட்காத ஒரே ஆள் நான்தான். என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

கார்த்திகை பிறந்தால் நீ ஐயப்பனுக்கு மாலை போடுவாய். நீ மாலை போட்டால் எனக்கும் விரதம்தான். விடிவதற்குள் தலைக்குக் குளித்து, உனக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்து, உன்னைச் சாமி என்று கூப்பிட்டு, நடுவில் மாதாமாதம் வருகிற அந்த மூன்று நாளுக்கு அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்து. உன் சாமிக்கு நான் அப்போது ஆகாதவள். இதைச் சொன்னால் நீ சிரிக்க மாட்டாய். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் புரியலக்கா" என்பாய். அந்தப் பதிலுக்காகத்தான் உனக்கு அத்தனை நாளும் சமைத்தேன்.

ஆனால் ஊரெல்லாம் பேசுகிற உன் கூட்டம் விரத நாளில் நடப்பதில்லை. சபரிமலை போய் வந்து, தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றிய மறுநாள் நடக்கும். மற்ற ஊரில் அன்றைக்குத்தான் கோழிக்கடையிலும் ஒயின்ஷாப்பிலும் கூட்டம் அம்மும். நீ அன்றைக்குச் சாயங்காலம் பசங்களைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிடுவாய். "நாப்பத்தெட்டு நாளு குடிக்காம இருந்த இல்ல? பொய் சொல்லாம இருந்த இல்ல? விடியக்காத்தால எழுந்த இல்ல? அது சாமி செஞ்சதா, நீ செஞ்சதா? நீதான்டா செஞ்ச. சாமி சும்மா கூட நின்னுச்சு. இன்னிக்கும் நிக்கும், கூப்புட்டுப் பாரு" என்பாய். ஒதுங்கி இருந்த பொண்ணுங்களையும் அன்றைக்குக் கூப்பிடுவாய். காயத்ரி நர்சிங் சேர்ந்தது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான். அவள் அம்மா இன்னும் உன் பெயரைச் சொல்லித்தான் விளக்கு ஏற்றுகிறாள். நான் மட்டும் ஒருமுறையும் வந்ததில்லை. உங்கள் விரதம் முடிந்த மறுநாள்தான் எனக்குத் தூக்கம்.

இப்போது தினேஷ் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

தினேஷை உனக்கு நினைவிருக்கும். திருவள்ளூரில் ஐடிஐ படித்துக்கொண்டு, மணவாள நகரில் மாமா வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவானே, உன் பின்னாலேயே சுற்றுவானே, அவன். நீ வேலை பார்த்த அதே இரும்புக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்துவிட்டான். சாயங்காலம் டிப்ளமோவும் படித்தான். தை மாதம் பெர்மனென்ட் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி அவனும் மாலை போட்டான். உன் குருசாமி கையால்தான்.

மாலை போட்டவன் கம்பெனிக்குள்ளேயும் வெறுங்காலோடு நின்றிருக்கிறான், பாபு. சிவக்கக் காய்ந்த கம்பி ஓடுகிற இடத்தில். கேட்டில் செக்யூரிட்டிக்காக ஷூ போட்டுக்கொண்டு, உள்ளே போனதும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவானாம். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசியில், திங்கட்கிழமை ஷூவோடு வந்தால் வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் மேலும் தப்பில்லை.

தினேஷின் அம்மா சனிக்கிழமை அழுதுகொண்டே வந்தாள். "செல்வி, நீ வந்து ஒரு வார்த்த சொல்லும்மா. பாபு சொன்னா கேப்பான். பாபு இல்ல, நீதான் கீற. தை பொறந்தா வேல பெர்மனென்ட் ஆவும்னு நம்பிக்கினு கீறோம்" என்றாள். வரமுடியாது என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அவனுக்குத் தனியாக இட்லி வைத்திருந்தாள், அவன் பூஜை முடித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தான். வலது காலில் பெரிய கொப்புளம், உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சாமி இது, காலு?"

"ஒண்ணும் இல்லக்கா. பொறி பட்டுச்சு."

"ஷூ போட்டுக்கினு நின்னா ஆகாதா?"

"போன வருஷம் அண்ணன் இன்னா சொன்னாரு? சாமிக்குக் குடுத்த வார்த்தய எவனுக்காகவும் மாத்தாதீங்கடான்னாரு. செருப்பு போட மாட்டேன்னு நான் சாமிகிட்ட சொல்லிட்டேன். வேல போனா போவட்டும்."

எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. உன் மேல்தான் வந்தது. அவ்வளவு பேசினாயே, கம்பெனிக்குள் ஷூ போட்டுக்கொள் என்று ஒரு வரி சேர்த்துப் பேசியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? கேட்கிற வயசு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்.

"பாபுவும் உள்ள ஷூ போட்டுக்கினுதான்டா வேல செஞ்சான்."

மாலை போட்டவனை டா என்று சொல்லிவிட்டேன். அவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சும்மா சொல்லாதக்கா. அண்ணன் வெறுங்காலோட போறத நானே பாத்துக்கீறேன்."

"நீ பாத்தது தெருவுல. கேட்டுல போட்டுக்குவான், வரும்போது கழட்டிப் பையில வச்சிக்குவான். விரத நாளு பூரா அவன் சாக்ஸத் தொவச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

அவன் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்போ எங்ககிட்ட பேசினதெல்லாம் சும்மாவா?" என்றான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீ முதல் வருஷம் மாலை போட்டபோது நானும் இதே கேள்வியைக் கேட்டேன். சாக்ஸைப் பிழிந்துகொண்டே, "இது இன்னா விரதம், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு?" என்றேன். நீ சொன்னாய்: "காலு குடுத்தது யாருக்கா? அவரு குடுத்தத பொசுக்கிக்கினு போய் அவரு முன்னால நின்னா சந்தோஷப்படுவாரா? செருப்பு போட மாட்டேன்னு நான் குடுத்த வார்த்த மலைக்கு நடக்கறதுக்குத்தான். காலு போச்சுன்னா எப்படி மலை ஏறுவேன்?" இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் போகலாமா என்று நின்றேன். துவைக்க வேண்டியது, அரைக்க வேண்டியது எல்லாம் அப்படியே கிடந்தது. உடம்பு வீட்டைப் பார்த்துத்தான் நடந்தது.

மறுநாள் சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். "மாலைய அவனே கழட்டி சாமி படத்து ஆணியில மாட்டிட்டான் செல்வி. ஷூ போட்டுக்கினு வேலைக்குப் போய்ட்டான்" என்றாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. பாதி விரதத்தில், யாரிடமும் கேட்காமல், தானே கழற்றிவிட்டானே.

வேலை கையை விட்டுப் போகவில்லை. தை பிறந்ததும் பெர்மனென்ட் ஆர்டரும் வந்துவிட்டது. ஆனால் சாயங்கால வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஏரிக்கரைப் பக்கம் பாட்டிலோடு உட்காருகிற கூட்டத்தில் அவனையும் பார்த்ததாகச் சொன்னார்கள். என் பஸ் வரும் நேரத்தில் ரோட்டில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். நான் சொன்னது பொய் இல்லையே, பாபு. உண்மையைச் சொல்லி ஒருத்தனைக் கெடுக்க முடியுமா? நீயாக இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாய்? இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. நைனாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மலைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், மாலையைக் கழற்றினார்கள். மறுநாள் கூட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காயத்ரிதான் போன் செய்தாள். "அக்கா, மண்டபத்துச் சாவி உங்க ஊட்லதான கீது? நாளைக்குத் தொறப்பீங்களா?" என்றாள். எனக்கு ஷிப்ட் இருக்கிறது, எனக்குப் பேச வராது, தலை வலிக்கிறது என்று எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிக்கா, தொறந்து வையுங்க, போதும்" என்றாள். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டது போலிருக்கிறது, இந்தப் பிடிவாதம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மண்டபத்தில் புறா எச்சம், போன திருவிழாவின் காகிதத் தோரணம், நீ விட்டுப்போன உடைந்த மைக் ஸ்டாண்டு. பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவி முடிக்கும்போதே இடுப்பு ஒடிந்துவிட்டது. அலுப்பில் உன்னையும் ஐயப்பனையும் சேர்த்தே திட்டினேன். இரண்டு பேரும் பொறுத்துக்கொண்டீர்கள்.

வந்தவர்கள் கொஞ்சம் பேர். நீ இருந்தபோது தெருவரைக்கும் நிற்பார்கள். இவர்கள் சுவர் ஓரமாக, போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது பேசுவார்கள் என்று நான் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். காயத்ரி விளக்கு ஏற்றினாள். இவ்வளவுதான், முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் எழுந்தபோது வாசலில் தினேஷ் நின்றிருந்தான்.

வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். யூனிபார்ம், தோளில் பை. உள்ளே வரவில்லை, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பாதியில கழட்டினவன்க்கா. வரலாமா?"

நீ இருந்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய். எனக்கு நிற்கவே கால் வலித்தது. நான் இவ்வளவுதான் சொன்னேன்:

"எவன் கழுத்துலயாவது மாலை கீதா பாரு. இன்னிக்கு இங்க கீறவங்க எல்லாருமே கழட்டினவங்கதான். உள்ள வா."

அவன் வந்தான். ஓரமாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை, யாரும் எழுந்து போகவும் இல்லை. போன்களெல்லாம் கீழே இறங்கின. அழுது முடித்த பிறகு, நீ காலைப் பற்றிச் சொன்னதை அவனிடம் சொன்னேன். "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டான். "அன்னிக்கு நெனப்பு வரல சாமி" என்றேன். மாலை இல்லாதவனைச் சாமி என்று கூப்பிட்டுவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. அவன் திருத்தவில்லை.

டிப்ளமோ வகுப்புக்குத் திரும்பப் போகிறானா என்று கேட்காதே. நேற்று போனதாக அவன் அம்மா சொன்னாள். நாளைக்குப் போவானா என்று எனக்குத் தெரியாது.

உன்னைப் போல் பேச எனக்கு இந்த ஜென்மத்தில் வராது, பாபு. உன் நம்பிக்கையும் எனக்கு முழுசாக இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கு உடம்பு முடிகிறவரைக்கும், எல்லாரும் மாலையைக் கழற்றிய மறுநாள் நான் அந்த மண்டபத்தைத் திறப்பேன். விரதத்தை எவ்வளவு தூரத்தில் விட்டுவிட்டு வந்தாய், ஏன் விட்டாய் என்று யாரையும் கேட்க மாட்டேன். தூக்கம் வந்தால் தூணில் சாய்ந்துகொள்வேன். கடைசியாக வருகிறவன் வந்து சேரும்வரை கதவைச் சாத்த மாட்டேன்.

உன்னோடு பிறந்து, உனக்குப் பிறகும் இங்கே இருக்கிற
அக்கா செல்வி