அண்ணனுக்கு அனுப்பிய எண்ணெய்

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் அண்ணனின் நலத்தை மட்டும் நான் விசாரிப்பதாக இல்லை.

பயப்பட ஒன்றுமில்லை, வந்து சேர்ந்துவிட்டேன். "மூடிமேல துணியச் சுத்திக் கட்டிட்டா ஒழுகாது" என்று உங்கள் அண்ணனுக்காக நீங்கள் கட்டிக்கொடுத்த நல்லெண்ணெய் கேன், பேருந்தில் மேல்தட்டிலிருந்து ஒழுகிப் பக்கத்து இருக்கைப் பெண்ணின் வெள்ளைக் கோட்டைப் பாழாக்கிவிட்டது. இறங்கினால், கூட்டிப்போக வருவதாகச் சொன்ன உங்கள் அண்ணனைக் காணோம். போன் செய்தேன். "முக்கியமான வேலைம்மா, டாக்ஸி புடிச்சு வந்துடு. எண்ணெய் பத்திரம்" என்றார். விலாசம் கேட்பதற்குள் வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. எவ்வளவு பெரிய மனிதர்!

நான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் திட்டத்தான் வருகிறாள் என்று நானும் சண்டைக்குத் தயாராக நின்றேன். என் மொழி தெரியாத அவளோ, "கோட்டு கெடக்கட்டும், குளிர்ல நிக்காம வா" என்பதுபோல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தன் வீட்டில் சூடாகச் சாப்பாடு போட்டாள். மறுநாள் நான் வேலைக்குச் சேர்ந்த சலவைக்கூடத்தின் வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

அவளுடைய கோட்டை வாங்கி வந்து இங்குள்ள இயந்திரத்தில் போட்டும் கறை போகவில்லை. கொஞ்சம் சீயக்காய்த் தூள் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள், துவைக்காமல். மேசை துடைக்கத்தான்.

வேலைக்கு மணியடித்துவிட்டது. எண்ணெய் வந்ததா என்று உங்கள் அண்ணன் கேட்டால், என்னைக் கூட்டிப்போக வந்தவளிடம் சேர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

கோபம் தீராத
உங்கள் மனைவி