ஆண்டவர் எந்தக் காலம்?

ஜூன் 3
என் ஸ்டிக்கர் கடைக்குச் சுவர் எழுத்து ஆர்டர் ஒன்று. கொடுத்தவர் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், சபைப் போதகர். ஆலயத்துக்குப் புது பெயின்ட் அடிக்கிறார்கள். பீடத்துக்குப் பின்னால் ‘ஆண்டவர் என்றும் ஆள்கிறார்’ என்று நீல ஸ்டிக்கரில் ஒட்ட வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்தால்தான் ஸ்டிக்கர் பிடிக்கும். அவசரமில்லை என்றேன்.

மனைவிக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. என்ன என்று கேட்டால், “வயித்துக்குள்ள படம் ஓடுது, உங்களுக்கு டிக்கெட் இல்ல” என்கிறாள்.

ஜூன் 7
கட்டி. நல்லதில்லை. டாக்டர் எங்களைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஜூன் 8
கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது. எத்தனையோ வருடமாக வெட்டிக்கொண்டிருக்கும் சொல். ஆண்டவர். ஆண்ட அவர். அப்படியென்றால் இப்போது? ரிட்டயர் ஆகிவிட்டாரா? இறந்த காலம் — இலக்கணத்தில் அதற்கு வைத்த பேரே சரியில்லை.

போனில் மச்சானிடம் கேட்டேன். “அது மரியாதைக்குச் சொல்றது மாப்ள. அவருக்கு ஆதியும் இல்ல, அந்தமும் இல்ல. காலமெல்லாம் நமக்குத்தான்.”

“அப்ப இந்தக் கட்டியும் அவர் ஆட்சியிலதான் வந்துச்சா?”

மச்சான் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். போனை வைக்கவும் முடியவில்லை, ஆமென் சொல்ல வாயும் வரவில்லை.

ஜூன் 11
கோபத்தில் ‘ஆள்பவர் என்றும் ஆள்கிறார்’ என்று வெட்டிவிட்டேன். படிக்கச் சகிக்கவில்லை. இலக்கணப்படி தப்பில்லை. ஆள்கிறவர் ஆளட்டும், பார்க்கலாம்.

ஜூன் 12
அவள் கடைக்கு வந்தாள். மேசையில் கிடந்ததைப் படித்தாள்.

“யாருங்க இது, புது ஆளா?”

காரணத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னைப் பெத்தவ போய்ச் சேர்ந்து எவ்வளவு காலமாச்சு? இன்னும் பெத்தவதானே? நீங்க என்னைக் கட்டினவரு. கட்டினது அன்னிக்கு. அதுக்காக இன்னிக்கு யாரோவா?”

“சரி, ஆள்றாருன்னே வச்சுக்கோ. உன்னைக் காப்பாத்தச் சொல்லு.” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“கேக்காம இருப்பேனா? தினம் கேக்கறேன். ஆனா நாம சொல்றதைத்தான் அவர் செய்யணும்னா, அப்ப நாமல்ல ஆண்டவரு?” என்றவள், “ஆமா, ‘ர்’ மேல புள்ளி எங்க?” என்றாள்.

வெட்டிய எழுத்தைச் சுற்றித் தேவையில்லாத ஸ்டிக்கரை உரிக்கும்போது புள்ளிகளும் கூடவே வந்துவிடும். தேடினேன். அவள் முழங்கையில் ஒட்டியிருந்தது.

ஜூன் 15
நாளை ஆபரேஷன். பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 16
உள்ளே கொண்டுபோகும் முன், “அந்த ஸ்டிக்கரை மாத்திருங்க, மானம் போயிரும்” என்றாள்.

ஜூன் 18
கண் திறக்கவேயில்லை. போய்விட்டாள்.

ஜூன் 20
அடக்கம். ‘தேவ சித்தம்’ என்று ஆரம்பித்த மச்சான் முடிக்கவில்லை. அண்ணனாக நின்று அழுதார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் நல்லா பாடினா, நல்லா சிரிச்சா என்றார்கள். அதற்குள் அவளுடைய வினைச்சொற்கள் எல்லாம் மாறிவிட்டன.

ஜூலை 9
சுவர் காய்ந்துவிட்டது என்று மச்சான் சொல்லியனுப்பினார். பழையதைக் கசக்கிப் போட்டுவிட்டு ‘ஆண்டவர்’ என்று புதிதாக வெட்டி எடுத்துப்போனேன். சமாதானமாகிவிட்டதா? இல்லை. இன்னும் கோபம்தான். ஆனால் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து இவ்வளவு கோபப்பட எனக்குத் தெரியாது.

ஏணியைப் பிடித்துக்கொள்ள வாட்ச்மேன் வந்தார். வேலைக்குப் புதியவர்.

“போன மாசம் ஒரு அம்மாவை அடக்கம் பண்ணாங்களே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

‘மனைவியா இருந்தாங்க’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

“நான் கட்டினவ” என்றேன்.

‘ஆண்டவர்’ முடிகிற இடத்தில், ‘ர்’ மேல் புள்ளியை வைத்து விரலால் அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.