உருதுக் கொப்பியின் முதல் தாள்

தம்பிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்க இந்த முறை மனம் வரவில்லை.

நான் துப்புரவு செய்யும் வீட்டு ஷாகிர் ஐயா உருதுவில் முப்பது வருடம் கதையும் செய்தியும் எழுதியவர். கராச்சியில் அவருடைய வலக்கையை நசுக்கினார்கள். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து இடக்கையால் எழுதப் பழகினார். செவ்வாய்க்கிழமை அதையும் இரும்புக் குழாயால் அடித்து முறித்துவிட்டார்கள். தரையில் கிடந்த பல்லை நான்தான் பொறுக்கினேன்.

கதவு உடையவில்லை. நீ வந்துபோனதிலிருந்து என் பையில் அந்த வீட்டுத் திறப்பைக் காணவில்லை.

"உன்ர முதலாளி தோட்டத்திலை ஆக்களை அடிக்கிறதெல்லாம் கொப்பியின்ர முதல் இருபது தாளிலை இருக்காம்" என்று உன்னிடம் உளறியவளும் நான்தான். அதை மட்டும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறாய்.

உருதுக் கொப்பி, மடையா, நாங்கள் முடிக்கும் பக்கத்தில்தான் தொடங்கும். நீ கொண்டுபோனது ஐயாவின் கடைசிக் கதையை. முதலாளியின் தாள்கள் அப்படியே இருக்கின்றன.

பல் போன வாயால் அவர் அந்தத் தாள்களைத் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் வாசித்துச் சொல்ல, பொலிஸுக்குக் கொடுக்க நான் எழுதினேன்.

"அடிச்சது ஆரெண்டு எழுத, ஐயா?"

என் முகத்தைப் பார்க்காமல், "தெரியேல்லை, பிள்ளை" என்றார்.

உன் பெயரை நான் எழுதினேன்.

அக்கா