வலைக்கு மேல் இடம்

26 ஒக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் கனடாவிலிருந்து கோல் எடுத்தாள். ஸ்கேன் பார்த்தார்களாம், வயிற்றில் இருப்பது பெண் பிள்ளை. எனக்குச் சந்தோசம்தான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இவளுக்கும் மன்னாருக்கும் இனி என்ன தொடர்பு? எங்கட தாழ்வுபாடு எண்டால் மேப்பில தேடித்தான் பாப்பாள்."

"ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

ஓய்வு பெறும்வரை உயிரியல் படிப்பித்தவள் நான். பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைக் கலங்கள் உருவாகிவிடும். ஒடுக்கற்பிரிவு என்கிற கலப்பிரிவைத் தொடங்கிப் பாதியில் நின்று, அவள் பெரியவளாகும்வரை காத்திருக்கும். இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். என்னுடைய கதையாக ஒருநாளும் நினைத்ததில்லை.

சண்டைக்குப் பயந்து தாழ்வுபாட்டுக் கரையில் படகேறி இந்தியாவுக்குப் போனபோது மகள் எனக்கு ஏழு மாதம். பெண்களின் கால் வலையில் பட்டாலே முகம் சுளிக்கும் படகுக்காரச் சம்மாட்டி, அன்று தன் வலையை முன்பக்க அணியத்தில் குவிக்காமல் படகின் நடுவில் குவித்தார். "இதுக்கு மேல இருங்கோ தங்கச்சி. பிள்ளைத்தாச்சிக்குக் குலுக்கக்கூடாது" என்றார். அந்த ஈர வலையின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

நான் வலைக்கு மேல். எனக்குள் மகள். அவளுக்குள், பாதியில் நின்றபடி, என் பேத்தியாகப்போகிற அந்த முட்டை.

தாழ்வுபாட்டை மேப்பில் தேடுவாளாம். எங்களோடு அங்கேதான் அவளும் படகேறினாள்.