நாற்காலிக்குத் தடை இல்லை

நவம்பர் 18, செவ்வாய்

பின்பக்க லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. மோட்டார் எரிந்துவிட்டதாம், புதுசு வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். போன செவ்வாயும் எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் இதையேதான் சொன்னார். கேட்கும்போதெல்லாம் பதில் சொல்கிறார், அதில் குறையே இல்லை. பதில் சொன்னதும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்.

முன்பக்க லிஃப்ட் அழகாக ஓடுகிறது. உள்ளே ஆளுயரக் கண்ணாடி, மெல்லிசாக ஒரு பாட்டு வேறு. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் அந்தப் பலகை: ‘வீட்டுப் பணியாளர்கள் பின்பக்க லிஃப்டை மட்டுமே பயன்படுத்தவும்.’ பின்பக்கம் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று பலகையில் இல்லை. தலைவரிடம் கேட்டால், படிக்கட்டு எதற்கு இருக்கிறது என்கிறார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஏழு மாடி ஏறி வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது முழங்கால் வீங்கியிருந்தது. நான் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கி நீட்டி, “படி ஏறாதீங்க, படி ஏறாதீங்க” என்று நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருப்பவள். என் வீட்டுப் பாத்திரம் தேய்க்க ஒருத்தர் தினமும் இப்படி ஏறி வருகிறார். இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

“அக்கா, இந்தக் காலை வெச்சுக்கிட்டு படியே ஏறக் கூடாது.”

“சரி டாக்டரம்மா. இங்கேர்ந்து எட்டாவது மாடிக்குப் பறந்து போயிடறேன்.”

நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. அதுவும் கேட்பதில்லை.

நவம்பர் 20, வியாழன்

காலையில் கீழே காத்திருந்து அக்காவை என்னோடு முன்பக்க லிஃப்டில் ஏற்றினேன். வேண்டாம் வேண்டாம் என்றவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. அந்த மாடி அம்மா, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போக நின்றிருந்தார். அக்கா அவர் வீட்டிலும்தான் வேலை செய்கிறார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்” என்றார். உள்ளே இன்னும் ஐந்து பேர் நிற்கலாம்.

சாயங்காலத்துக்குள் காவலாளிக்குத் திட்டு விழுந்துவிட்டது. இன்னொரு தடவை விட்டால் வேலை இல்லை என்று தலைவர் சொன்னாராம். ஏற்றியது நான். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லை.

“இனிமே என்னைக் கூப்பிடாதீங்க” என்றார் அக்கா. “உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவர் சோத்துல மண்ணு விழும்.”

நவம்பர் 23, ஞாயிறு

சங்கக் கூட்டம். தலைவலி இன்னும் போகவில்லை.

பின்பக்க லிஃப்ட் சரியாகும்வரையாவது எல்லாரும் முன்பக்கத்தில் போகட்டும் என்றேன். எவ்வளவு சின்ன விஷயம் இது? நான் ஏதோ கட்டடத்தையே எழுதிக் கேட்ட மாதிரி எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது மாடி அம்மாதான் முதலில் பேசினார். “நாங்க வித்தியாசமெல்லாம் பாக்கறவங்க இல்ல. ஆனா சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல? எங்கெங்கேர்ந்தோ வர்றாங்க, என்னென்னவோ சாப்பிட்டுட்டு வர்றாங்க. அத்தனை சின்ன இடத்துல மூச்சு விட வேண்டாமா?” வித்தியாசம் பார்க்காதவர் பேச்சு இது. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “நம்ம கட்டடத்துல எல்லா மதமும் இருக்கு. அஞ்சாறு மொழி பேசறோம். இதுவரைக்கும் ஒரு சண்டை உண்டா?” நான் லிஃப்டைக் கேட்டால் அவர் மதத்தைச் சொல்கிறார். சண்டை ஏன் வரும்? சண்டை போட வேண்டியவர்கள்தான் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்களே.

கை தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர இன்னொரு கை மேலே வந்தது. இரண்டாவது மாடிப் பெரியவர். சந்தோஷப்பட்டுவிட்டேன். மின்விசிறியைக் குறைக்கச் சொல்லித் தூக்கினாராம். என் வீட்டுக்காரர் கை? மடியில் பத்திரமாக இருந்தது.

அடுத்த தீர்மானம், மனித உரிமை நாள் கொண்டாடுவது. ஒருமனதாக நிறைவேறியது. டிசம்பர் பத்து புதன்கிழமையில் வருவதால் பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். மொட்டை மாடியில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, பிறகு தலைவர் உரை. “ஏற்பாடெல்லாம் நீங்களே பாத்துக்குங்க, உங்களுக்குத்தான் இதுல ஆர்வம்” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சமாதானம் சொல்கிறார். “நீ சொல்றது சரிதான். ஆனா நாம இங்கதானே குடியிருக்கணும்?” அப்படியென்றால் அக்கா எங்கே குடியிருக்கிறாராம்? சந்திரனிலா?

நவம்பர் 24, திங்கள்

இவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

மோட்டார் இன்னும் கிளம்பவே இல்லையாம்.

அக்கா இன்று என் வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்துக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். காலை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். போன மாதத்துக்கு இரண்டு மடங்கு வீக்கம். ஐஸ் வைத்துக் கட்டினேன். பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். இதையெல்லாம் செய்துவிட்டு மறுபடி படி ஏறச் சொல்வது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எட்டாவது மாடியில் சொல்லிவிட்டார்களாம், இனியும் தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று. ஏன் தாமதமாகிறது என்று கேட்கவில்லையாம்.

“அந்த வீடுதான் டாக்டரம்மா நல்லா குடுக்குது. அது போச்சுன்னா எம் பொண்ணு காலேஜும் போச்சு.”

அழவில்லை. கத்தவும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கத்தித் தொலைக்க வேண்டியவர் ஏன் இப்படி அமைதியாக இருக்கிறார்? நானாக இருந்தால்... நானாக இருந்தால் லிஃப்டில் போயிருப்பேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோபம் தாங்கவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

காலையில் வாடகை நாற்காலிகள் வண்டியில் வந்து இறங்கின. மொட்டை மாடிக்குப் போக வேண்டும். தூக்க அக்கா, காவலாளி, கார் துடைக்கும் பையன்கள் இரண்டு பேர், இன்னும் சில வீட்டு வேலைக்காரர்கள். அத்தனை நாற்காலியையும் படியில் தூக்கினால் மத்தியானம் ஆகிவிடும். இன்றைக்கு ஒரு நாளாவது வழிக்கு வருவார் என்று தலைவரைக் கூப்பிட்டேன்.

வந்தார். யோசித்தார். தீர்ப்பு சொன்னார்: “நாற்காலிய லிஃப்டுல ஏத்துங்க. நாற்காலிக்குத் தடை இல்ல. ஆளுங்க படியில போய் மேல வாங்கிக்கட்டும்.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. நாற்காலிகளை உள்ளே அடுக்கி, வெளியிலிருந்தே கையை நீட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு, அவர்கள் படியில் ஓடினார்கள். நாற்காலிகள் பாட்டுக் கேட்டுக்கொண்டு மேலே போயின. நான் கத்தினேன். “விழா முடியட்டும், பேசிக்கலாம்” என்றார் தலைவர்.

அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தார். “நாற்காலியாப் பொறந்திருக்கலாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததற்கு என் மேலேயே கோபமும் வந்தது.

அப்புறம் உரை. மனிதனை மனிதன் மதிக்க வேண்டுமாம், பிறப்பால் யாரும் தாழ்ந்தவர் இல்லையாம். முக்கால் மணி நேரம் பேசினார். நன்றியுரை என் பொறுப்பு. “ஆட்களைப் படியிலும் நாற்காலிகளை லிஃப்டிலும் அனுப்பி வைத்த தலைவருக்கு நன்றி” என்றேன். கை தட்டினார்கள். தலைவர் எழுந்து கும்பிட்டார். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

டிசம்பர் 15, திங்கள்

காலையில் மணி அடிக்கவே இல்லை. அக்காவுக்குக் கால் முடியவில்லை போல என்று பதறிக் கீழே போனேன். கார் நிறுத்தும் இடத்துக் குழாயடியில் வீட்டு வேலைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா, காலை நீட்டிக்கொண்டு.

தலைவர் ஏற்கெனவே அங்கே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நாங்க வேலை செய்ய மாட்டோம்னு சொல்லலைங்க. நீங்க சொன்ன மாதிரிதான். பொருளுக்குத் தடை இல்ல, ஆளுக்குத்தான் தடை. பாத்திரத்த லிஃப்டுல அனுப்புங்க, தேய்ச்சு அனுப்பறோம். குப்பையும் அனுப்புங்க. மாடியில இருக்கற நாற்காலியும் அனுப்புங்க, வாங்கி வண்டியில ஏத்திடறோம். படி மட்டும் ஏற மாட்டோம்.”

தலைவர் சொன்ன விதியையே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைவர் லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன், என்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று.

“சொன்னா நீங்க கூட்டம் போடுவீங்க.”

அது மட்டும் இல்லை. ஏழாவது மாடிப் பாத்திரமும் கீழேதான் வர வேண்டுமாம். எனக்கென்று தனிச் சலுகை இல்லையாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேலே வந்தேன். குப்பையை இவர் தூக்கிக்கொண்டு போனார்.

டிசம்பர் 16, செவ்வாய்

லிஃப்டில் கால் வைக்க முடியவில்லை. யாரோ குப்பைப் பையை ஒழுக விட்டிருக்கிறார்கள். ஆளுயரக் கண்ணாடியில் எண்ணெய்க் கை. எட்டாவது மாடியின் மீன் வாணலியும் மூன்றாவது மாடியின் பால் பாத்திரமும் ஒன்றாக இறங்கின. மூன்றாவது மாடி அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். அவர்கள் வீட்டில் மீன் கிடையாது. குழாயடியில் எல்லாப் பாத்திரமும் ஒரே குவியல், ஒரே நார். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எங்க பாத்திரத்தை அதே நாரால தேய்க்கறியா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “நாருக்கு என்னம்மா, வேற எடுத்துக்கறேன். ஆனா நாலு வீட்டுக்கும் எப்பவும் இதே கைதானம்மா.”

அந்த அம்மா அக்காவின் கையைப் பார்த்தார். எத்தனை வருடமாக அவர் வீட்டுக்குள் வந்து போகும் கை.

தேய்த்த பாத்திரங்கள் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தன. எனக்கு யாருடையதோ இரண்டு மூடிகள் வந்திருக்கின்றன. மீன் வாணலி தலைவர் வீட்டில் இருக்கிறதாம்.

டிசம்பர் 17, புதன்

அவசரக் கூட்டம். எல்லாரும் நின்றுகொண்டே பேசினோம், நாற்காலிகள் இன்னும் மொட்டை மாடியில்தான் இருக்கின்றன. எடுத்து லிஃப்டில் வைக்க ஒருத்தரும் மேலே போகவில்லை.

இனி யாரும் எந்த லிஃப்டிலும் போகலாம் என்று தீர்மானம். முதலில் உயர்ந்த கை என் வீட்டுக்காரருடையது. மூன்று நாள் குப்பை சுமந்த கை. மூன்றாவது மாடி அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், பால் காய்ச்சப் பாத்திரம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

தலைவர் தீர்மானத்தை வாசித்தார்: ‘மனித உரிமை நாளையொட்டி, சங்கத்தின் பெருந்தன்மையால்...’ எள்ளும் கொள்ளும் வெடித்தது என் முகத்தில். பெருந்தன்மையா? வாணலி. வாணலி என்று எழுதுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. கீழே அக்காவிடம் போய்க் கொட்டினேன்.

“எதுனால இருந்தா என்ன டாக்டரம்மா? கதவு திறக்குதில்ல?”

எட்டாவது மாடியிலிருந்து இறங்கி வந்து, நாளைக்கு வந்துவிடுவீர்கள்தானே என்று அக்காவிடம் கேட்டார்கள். வேறு ஆள் பேச்சே இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

அக்கா லிஃப்டில் வந்தார். என்னோடுதான். மூலையில் சுவரைப் பார்த்து, எதன் மேலும் படாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. “நேரா நில்லுங்க அக்கா” என்று அவரையே அதட்டிவிட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

மோட்டார் வந்துவிட்டது. பின்பக்க லிஃப்ட் ஓடுகிறது. தீர்மானம் வந்ததும் கழற்றிய பழைய பலகையை எங்கே வைத்திருக்கிறாய் என்று தலைவர் காவலாளியைக் கேட்டாராம். காணோம் என்றாராம் காவலாளி. தேடிப் பார் என்றாராம். தேடிவிட்டேன், காணோம் என்றாராம். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரி 8, வியாழன்

நல்ல மழை. வேலை முடிந்து, இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஓடி வந்தேன். முன்பக்க லிஃப்ட் கீழேதான் நின்றிருந்தது. உள்ளே அக்கா மட்டும், கண்ணாடியைப் பார்த்து ஈர முடியைக் கையால் கோதிக்கொண்டிருந்தார்.

“அக்கா, கதவைப் பிடிங்க.”

திரும்பிப் பார்த்தார். “எட்டாவது மாடிக்கு லேட்டாயிடுச்சு டாக்டரம்மா. அடுத்ததுல வாங்க.”

கதவு மூடிக்கொண்டது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. சொட்டச் சொட்ட நின்று வாய்க்குள்ளேயே திட்டினேன். யாருக்காகக் கத்தினேன், யாருக்காக இவரோடு பேசாமல் இருந்தேன், ஒரு நொடி அந்தப் பொத்தானை அழுத்தினால் என்னவாம்? காவலாளி சிரித்தார். அவரையும் முறைத்தேன். கதவுக்கு மேலே எண்கள் நகர்ந்து எட்டில் நின்றன.

அடுத்ததில்தான் போனேன்.